உவர்நீர் மீனுக்கு உப்பின் அளவு



ஆயர் ஈத்தாம் குன்றுகளின் நீரும் கடல் ஏற்றமும் கலக்குமிடம் சுங்கை பினாங் கழிமுகம். இத்தகைய உவர்நீரே சும்பிட், கித்தாங் ஆகிய மீன்களின் தாயகம். இவற்றைக் கண்ணாடித் தொட்டியில் நன்னீரிலேயே வளர்த்தால் நாளடைவில் நலிந்து மடியும். நம் பிள்ளைகளின் சேமிப்பும் வீணாகும்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. சும்பிட் மீனுக்கும் கித்தாங் குஞ்சுக்கும் 5 முதல் 10 கிராம் போதும். வளர்ந்த கித்தாங்கிற்கு ஏறக்குறைய 20 கிராம் வேண்டும். சமையல் உப்பு ஆகாது. மீன்தொட்டிக்கென விற்கப்படும் கடலுப்பில்தான் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் உள்ளன. ரப்பர்ப் பாலின் செறிவறிய மெட்ரோலாக் மிதப்பதுபோல, உப்பின் செறிவைக் காட்டவும் தனி மானி உண்டு.

உப்பை வாளியில் கரைத்து, சில நாட்களில் சிறுகச் சிறுகச் சேர்ப்போம். நீர் ஆவியாகும்; உப்பு தங்கிவிடும். ஆதலால், குறைந்த அளவைக் குளோரின் நீங்கிய நன்னீரால் மட்டுமே நிரப்புவோம். நகரக் கழிவு கலந்த ஆற்றுநீரை ஊற்ற வேண்டா.

பாலை உறையவைக்க அமிலத்தை அளந்து ஊற்றும் நமக்கு அளவின் அருமை புதிதன்று. அதே கவனத்தை மீன்தொட்டியிலும் காட்டுவோமாக!