துருவ ஒளியின் முன்னறிவிப்பு

சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் மின்னேற்றத் துகள்திரள் பூமியை அடைய ஓரிரு நாட்களோ அதற்கு மேலோ ஆகுமெனினும், அது துருவ ஒளியை எழுப்புமா என்பது, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் காவல் நிற்கும் செயற்கைக்கோள்களை அது கடக்கும்போதுதான் தெளிவாகிறது. திரள் சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால், அது புவிக் காந்தப்புலத்துடன் பிணைந்து ஆற்றலை உள்ளே செலுத்தும். வடக்கு நோக்கியிருந்தாலோ, வலிய திரளும் பெரும்பாலும் ஏமாற்றிவிடும். 2024 மே 10-11 இரவில், 2003க்குப் பிந்தைய மிகக் கடும் புவிக்காந்தப் புயல் மூண்டபோது, லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராக்கள் வடவானின் விளிம்பில் செவ்வொளியைப் பதிவுசெய்தன. 200 கிலோமீட்டருக்கு மேலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் அவ்வொளி மங்கலானது. ஆகவே காண விழைவோர் நகர விளக்குகளை விட்டு விலகி, கேமராவை முக்காலியில் பொருத்தி, பல நொடிகள் திறந்துவைத்துப் படமெடுத்துப் பார்ப்பது நல்லது.