விழுந்து முளைக்கும் பல்



குழந்தையின் பல்லில் சொத்தை கண்டிருக்கிறது என்று சொன்னால், மதுரைச் சீமையில் தாய்மார் பலர் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "விழுந்து முளைக்கிற பல்லுதானே, ஐயா?" என்பதே அது. பல் மருத்துவனாகிய நான் தொடக்க நாட்களில் இக்கேள்வியைக் கேட்டுச் சினங்கொண்டதுண்டு. பாற்பற்கள் இருபது, கடைவாயில் உள்ளவை பத்து, பன்னிரண்டு வயது வரை நிலைத்திருக்க வேண்டியவை. அவை சீழ்வைத்தால் குழந்தைக்கு உணவு இறங்காது, உறக்கம் வாராது. காலத்திற்கு முன்பே பிடுங்க நேர்ந்தாலோ, பின்வரும் பல் இடம் மாறி முளைக்கக்கூடும். இவ்வளவையும் ஒரே மூச்சில் உபதேசித்து அனுப்புவேன். ஆறு மாதம் கழித்து அதே குழந்தை மேலும் இரண்டு சொத்தைகளோடு வந்து நிற்கும்.

நோயின் காரணம் மறைபொருளன்று. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சீனியை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் எனாமல் என்னும் பல்லின் மேலுறையைக் கரைக்கிறது. பகலில் உமிழ்நீர் சுரந்து அவ்வழிவை ஓரளவு ஈடு செய்யும். உறக்கத்தில் அது குறைந்துவிடும். ஆதலால்தான் சீனி கலந்த பால்புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைக்கு மேல்வரிசை முன்பற்கள் முதலில் கெடுகின்றன. கீழ்வரிசை முன்பற்களை நாக்கு மூடிக் காக்கிறது. ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடுபோல் வெண்மை படர்வதே முதல் அடையாளம்; அந்நிலையில் கண்டுகொண்டால் தடுத்து நிறுத்தலாம். சீனிதான் தீது, கருப்பட்டி நல்லது என்று பாட்டிமார் வாதிடுவர். நுண்ணுயிர்களுக்கு அந்த வேறுபாடு தெரியாது!

காரணம் இவ்வளவு தெளிவாயிருந்தும் பழக்கம் மாறாதது ஏன்? இதற்கு விடை பல் மருத்துவத்திற்கு வெளியிலிருந்து வந்தது. குடிப்பழக்கத்திற்கு ஆட்பட்டோரிடையே பணிபுரிந்த வில்லியம் மில்லர் என்னும் உளவியலறிஞர், 1983-இல் ஒரு புதிய உரையாடல் முறையை எடுத்துரைத்தார். இடித்துரைத்தால் மனிதன் தன் பழக்கத்திற்கே வக்காலத்து வாங்குவான். மாறவேண்டிய காரணத்தை அவன் வாயாலேயே சொல்லவைத்தால் மாற முற்படுவான் என்பதே அதன் சாரம்.

இம்முறையைக் கனடா நாட்டின் சர்ரே நகரில், பஞ்சாபி மொழி பேசும் நம் நாட்டு வழியினரிடையே, வைன்ஸ்டைன் முதலிய ஆய்வாளர்கள் சோதித்தனர். ஆறு மாதம் முதல் 18 மாதம் வரையுள்ள 240 குழந்தைகளின் தாய்மார் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குத் துண்டுப் பிரசுரமும் படக்காட்சியும் மட்டும். மற்றவருக்கு அவற்றோடு ஓர் உரையாடலும், பின்னர் ஆறு தொலைபேசி அழைப்புகளும். ஓராண்டு சென்றபின் முதற் பிரிவில் குழந்தை ஒன்றுக்குச் சராசரியாக 1.91 புதிய சொத்தைகள்; உரையாடல் பெற்ற பிரிவில் 0.71 மட்டுமே. இம்முடிவு 2004-இல் வெளியாயிற்று. ஆயினும் இதனை மந்திரக்கோல் என்று கருதிவிடலாகாது. கனடாவிலேயே கிரீ இனமக்களிடையே நடந்து 2012-இல் வெளியான ஆய்வில் இத்தகைய தெளிவான வேறுபாடு கிட்டவில்லை.

இதனைப் படித்த பிறகே நான் உபதேசத்தைக் குறைத்துக்கொண்டேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தாள். புட்டியை நிறுத்து என்னாமல், "இரவில் பிள்ளை எப்படி உறங்குகிறான், அம்மா?" என்று கேட்டேன்.

"விடியுமுன்னே மல்லிகை மொட்டுப் பறிக்கப் போகணும், ஐயா. புட்டியை எடுத்தா வீடே முழிக்கிற மாதிரி கத்துவான். அத்தை ஏசுவாக" என்றாள்.

இத்தனை நாளும் நான் அறியாமை என்று எண்ணியிருந்தது உண்மையில் உறக்கமின்மை! வழிகள் சிலவற்றைச் சொன்னேன்: படுக்குமுன் பாலை டம்ளரில் கொடுத்துப் பல்லைத் துடைக்கலாம், சீனியை நாளுக்கு நாள் குறைக்கலாம், இரவுப் புட்டியில் வெறும் தண்ணீர் வைக்கலாம், அரிசியளவு ஃபுளூரைடு பற்பசையால் விளக்கிவிடலாம். எது முடியும் என்பதை அவளிடமே விட்டேன். நான் முதலாவதைத்தான் விரும்பினேன். அவளோ, "சீனியைக் கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சுப் பார்க்கிறேன்" என்றாள். வற்புறுத்தாதிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூன்று மாதம் கழித்து வந்தாள். புட்டியில் இப்போது தண்ணீர்தான் என்றாள். முன்னமே குழிவிழுந்த இரண்டு பற்களில் ஒன்றைக் காக்க இயலவில்லை. மற்றப் பற்களில் வெண்கோடு பரவவில்லை. புறப்படும்போது, இடுப்பிலிருந்த கைக்குழந்தையைக் காட்டி, "இவளுக்கு எப்போ விளக்க ஆரம்பிக்கணும், ஐயா?" என்று அவளே கேட்டாள்.

முதற்பல் தலைகாட்டிய அன்றே என்றேன். குழந்தையின் கீழுதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தாள். அரிசிமுனை போல் ஒன்று வெளிவந்திருந்தது.