தாமே எழுந்து வாதாடிய பத்திராதிபர்



எழுதுவோரும் பேசுவோரும் நம்மிடையே பலர் உளர். எழுதியதற்கும் பேசியதற்கும் பொறுப்பேற்று முன்வந்து நிற்பவரோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவரைப் பற்றியே இன்று பேச எண்ணினோம். அவர் பெயர் ஜோசப் ஹவ். இன்று நம்மவர் பெருந்தொகையினராய் வாழும் கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவே அவர் பிறந்த மண். 1804ஆம் ஆண்டில் அவர் பிறந்தபோது அது பிரித்தானியரின் தனியொரு குடியேற்ற நாடாக இருந்தது.

தந்தையார் அரசாங்கத்துக்கு அச்சடிப்பவர். மைந்தருக்கோ பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. பதின்மூன்றாம் வயதிலேயே அச்சுக்கூடத்தில் வேலை பழகச் சென்றார். பின்னர்ப் பெற்ற கல்வியெல்லாம் தாமே தேடிப் பெற்றதாகும். 1827ஆம் ஆண்டின் இறுதியில் 'நோவாஸ்கோஷியன்' என்னும் பத்திரிகையை விலைக்கு வாங்கி அதன் பத்திராதிபரானார்.

அந்நாட்டில் மக்கள் தெரிந்தனுப்பிய சட்டசபை 1758ஆம் ஆண்டிலேயே கூடியது. இன்றைய கனடா நிலப்பரப்பில் கூடிய முதற் சட்டசபை அதுவே. ஆயினும், சபை இருந்ததேயன்றி ஆட்சி அதன் கையில் இருக்கவில்லை. நியமனம் பெற்ற ஆலோசனைச் சபையார் பன்னிருவரே தேசாதிபதியோடு சேர்ந்து ஆண்டனர். அவர்கள் மூடிய கதவுக்குள் கூடினர். அவர்களுட் சிலர் ஒரே வங்கியின் பங்காளிகள். மக்கள் சபை நிறைவேற்றியதைத் தள்ளிவிட அவர்களால் இயலும். அவர்களை விலக்க மக்களால் இயலாது. தலைநகரான ஹலிபாக்ஸின் நகர நிருவாகமும் நியமனம் பெற்ற நீதவான்களிடமே இருந்தது.

1835ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி 'நோவாஸ்கோஷியன்' ஒரு கடிதத்தை வெளியிட்டது. 'மக்கள்' என்று மட்டுமே அதில் ஒப்பமிடப்பட்டிருந்தது. நீதவான்களும் காவலரும் முப்பது ஆண்டுகளில் 30,000 பவுணுக்கு மேல் மக்களிடமிருந்து முறைகேடாகப் பறித்தனர் என்பது அதன் குற்றச்சாட்டு. நீதவான்கள் சினந்தெழுந்தனர். பத்திராதிபர் மீது குற்றவியல் அவதூறு வழக்குத் தொடரப்பட்டது.

அக்காலச் சட்டத்தின் கொடுமையை இங்கே கவனித்தல் வேண்டும். அச்சிட்டது உண்மை என்று காட்டுவது அவ்வழக்குக்கு விடையாகாது. ஹவ் அணுகிய சட்டத்தரணிகள் வழக்கில் வெற்றிக்கு இடமில்லை என்று கைவிரித்தனர். அவரோ மன்னிப்புக் கேட்கவில்லை. கடிதம் எழுதியவரை முன்னே தள்ளித் தாம் பின்னே ஒதுங்கவுமில்லை. சட்ட நூல்களை இரவல் வாங்கிப் படித்தார். மார்ச் மாதத்தில் நீதிமன்றம் சென்று தமக்காகத் தாமே வாதாடினார். ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். பிரதம நீதியரசர் ஹலிபர்ட்டன், இது அவதூறே என்று யூரிமாருக்கு எடுத்துரைத்தார். யூரிமார் பத்தே நிமிடங்களில் திரும்பி வந்து, குற்றவாளி அல்லர் என்றனர். அன்று சட்டம் மாறவில்லை. ஆனால், அஞ்சிக் கிடந்த மக்களின் மனம் மாறியது.

அடுத்த ஆண்டில் மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினர். 1837இல் ஆட்சிமுறையின் குறைகளைப் பன்னிரண்டு தீர்மானங்களாக வகுத்து அவர் சபை முன் வைத்தார். அதே ஆண்டில் மேல் கனடாவிலும் கீழ் கனடாவிலும் ஆயுதக் கிளர்ச்சி எழுந்து அடக்கப்பட்டது. ஹவ் ஆயுதத்தை நாடவில்லை; எழுதுகோலையே நாடினார். 1839இல் லண்டனிலிருந்த குடியேற்ற நாட்டு அமைச்சர் ரசல் பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதங்கள் வரைந்தார். மக்கள் சபையின் நம்பிக்கையைப் பெற்றவரே ஆள வேண்டும் என்பதே அவர் கேட்டது.

1840இல் பிரதம நீதியரசரின் மைந்தர், எழுத்தால் தந்தையின் மானத்துக்கு இழுக்கு வந்ததென்று அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். அழைத்தவர் சுட்டார், குறி தவறியது. ஹவ் தம் துப்பாக்கியை வானை நோக்கிச் சுட்டுவிட்டுத் திரும்பினார். 1848ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் தேதி, பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுள் முதன்முதலாக, மக்கள் சபைக்குப் பொறுப்புக் கூறும் அரசாங்கம் அங்கே அமைந்தது. ஹவ் அதில் மாகாணச் செயலாளரானார்.

இவ்வளவோடு நிறுத்தினால் வெற்றிக் கதையாக முடியும். பெரியோர் முன்னிலையில் பாதிக் கதை சொல்லுதல் முறையன்று. 1867இல் நோவா ஸ்கோஷியா கனடாக் கூட்டாட்சியில் சேர்க்கப்பட்டது. மக்களைக் கேளாது செய்தது தவறென்று ஹவ் எதிர்த்தார். அவ்வாண்டுத் தேர்தலில் கூட்டாட்சிப் பாராளுமன்றத்துக்குரிய 19 இடங்களுள் 18ஐ எதிர்ப்பாளரே வென்றனர். லண்டன் அசையவில்லை. பிரிந்து போக வழியில்லை என்று கண்ட ஹவ், 1869இல் மாகாணத்துக்கு மேலான பண உதவி பெற்றுக்கொண்டு, தாம் எதிர்த்த அந்த அரசாங்கத்திலேயே அமைச்சரானார். பழைய நண்பர் பலர் துரோகி என்று முகந்திருப்பினர்.

அவர் செய்தது சரியா, தவறா? வீட்டுக்குச் சென்றும் இளைஞர்கள் இதை வாதிக்கலாம். நாம் சுட்ட விரும்புவது ஒன்றே. அமைச்சர் பதவி ஏற்றவர் மீண்டும் வாக்காளரை நாட வேண்டுமென்பது அக்கால விதி. அறுபத்து நான்கு வயதில், உடல் நலம் குன்றிய நிலையில், தம்மை ஏசிய மக்கள் முன்னே சென்று, தாம் மனம் மாறிய காரணத்தைச் சொல்லி வாக்குக் கேட்டார், வென்றார். ஆனால், இழந்த உடல் நலம் முற்றாகத் திரும்பவில்லை. 1873இல் தம் மாகாணத்தின் ஆளுநராகிச் சில வாரங்களிலேயே, ஜூன் 1ஆம் தேதி காலமானார்.

அன்பர்களே, மொட்டைக் கடிதம் நம் ஊருக்குப் புதிதன்று. இன்றோ கைத்தொலைபேசி வழியாகப் பெயர் மறைத்து ஒருவரைத் தூற்றுதல் அதனினும் எளிது. ஹவ் வெளியிட்ட கடிதத்திலும் எழுதியவர் பெயர் இல்லை. ஆனால், அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் எழுந்து நின்றார். அதனாலேயே அது தூற்றலாக ஒழியாமல் முறையீடாக நின்றது. நம் மன்றத்து இளைஞர் அநீதியைக் கண்டால் எழுதுக, அஞ்சாது எழுதுக. கேட்பவர் வரும்போது, 'ஆம், இதற்கு யாமே பொறுப்பு' என்று சொல்ல இயலும் சொற்களையே எழுதுக.