குருவருளும் பத்திரிகைத் தொழிலும்
(பல்லேகலவில் ஆற்றிய உரை)



பேராதனையைத் தொட்டு ஓடும் மகாவலி கங்கை கண்டி நகரைச் சுற்றி வளைந்து நம் பல்லேகலப் பக்கம் வருகிறது. அந்தப் பேராதனையிலே கற்றுப் பத்திரிகாசிரியராய் விளங்கிய க. கைலாசபதி அவர்களைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

1933இல் கோலாலம்பூரில் பிறந்த அவர், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கொழும்பு றோயல் கல்லூரியிலும் பயின்று, பேராதனைப் பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையும் சு. வித்தியானந்தனும் தமிழ் கற்பித்தனர். முன்னவர், யாழ்ப்பாணத்தார் வீட்டிலே பேசும் பேச்சிலேயே நாடகம் எழுதியவர். பின்னவர், நாட்டுக்கூத்தைப் பிற்காலத்திலே மேடையேற்றிப் பெருமைப்படுத்தியவர். நம்மவர் பேச்சும் வாழ்வும் ஏட்டில் ஏறத் தக்கவையே என்பதற்கு அவ்வாசான்களே சான்றாய் நின்றனர்.

1957இல் பட்டம் பெற்ற கைலாசபதி தினகரனில் சேர்ந்தார். முப்பது வயது நிரம்புமுன்னரே அதன் ஆசிரியரானார். இந்நாட்டு மண்ணையும் மக்களையும் எழுதிய ஈழத்து எழுத்தாளருக்குப் பத்திரிகையிலே தாராளமாய் இடந்தந்தார். இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' தினகரனிலேதான் தொடர்கதையாக வந்தது. ஆசான்களிடம் பெற்றதை அவர் ஆசிரியபீடத்திலிருந்து பிறருக்கு வழங்கினார் என்றே நாம் கொள்கிறோம். பின்னர்ப் பேராதனைக்கே விரிவுரையாளராக மீண்டார்.

வாலிபர்களே, குருவின் கடன் மாலை சூட்டுவதால் தீராது. பெற்றதைப் பின்வருவோருக்குக் கொடுத்தாலே தீரும். பெரியோர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை எழுதிய முதற் கட்டுரையை, "இதனாலே சோறு கிடைக்குமா?" என்று ஒதுக்காது, இருந்து வாசித்துத் திருத்திக் கொடுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அதைக் காண்போம்.