திருப்புளியை எடுக்கும் முன்



மவுஸை ஒரு முறை அழுத்துகிறோம். இரண்டு முறை அழுத்தியதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. ஒரு படத்தை இழுத்துக்கொண்டு போகிறோம். பாதி வழியில் நழுவிவிடுகிறது. பக்கத்தைக் கீழே உருட்டினால் மேலே துள்ளுகிறது. உடனே, மவுஸ் போய்விட்டது, புதிது வாங்கலாம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். நான் சொன்னவற்றில் முதல் இரண்டும் ஒரே கோளாறு, மூன்றாவது வேறு. எந்தத் தொல்லை எந்தப் பாகத்தில் என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், குறை மவுஸிலா கணினியிலா என்று பாருங்கள். வேறு யுஎஸ்பி துளையில் செருகுங்கள். முடிந்தால் வேறு கணினியில் போட்டுப் பாருங்கள். வயர்லெஸ் மவுஸ் என்றால் புது பேட்டரி போடுங்கள். பழைய பேட்டரி கசிந்து, தகட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தால், பஞ்சில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

அடுத்து, அம்புக்குறி நடுங்கினால் அல்லது நகர மறுத்தால் மவுஸைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். முன்பெல்லாம் அங்கே ரப்பர் பூசிய பந்து இருக்கும். மூடியைத் திருகி எடுத்து, உள்ளே உருளைகளில் வளையமாகப் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டியது பலருக்கு நினைவிருக்கும். இன்று பந்துக்குப் பதில் ஒரு விளக்கு, ஒரு லென்ஸ், ஒரு குட்டிக் கேமரா. நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை மேசைப் பரப்பைப் படமெடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று அது கணக்கிடுகிறது. அந்தத் துளையில் ஒரு தலைமுடி சிக்கினாலே கணக்குத் தப்பும். காது குடையும் பட்ஸால் மெல்லத் துடைத்தால் போதும். கண்ணாடி மேசையில் கேமராவுக்குப் பிடிமானமே கிடைக்காது. ஒரு தாளை விரித்துப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் தெரியவில்லையே என்று பதற வேண்டாம். சில மவுஸ்களில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

உருட்டும் சக்கரம் துள்ளுகிறதா? அச்சில் முடியும் தூசியும் சுற்றியிருக்கும். இதற்கு மவுஸைப் பிரிக்க வேண்டும். இணைப்பைக் கழற்றிவிட்டு, பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். திருகாணி கண்ணில் படவில்லை என்றால், அடியில் ஒட்டியுள்ள வழுக்குப் பட்டைகளுக்கும் லேபிளுக்கும் கீழே தடவிப் பாருங்கள். மேல்மூடியை வெடுக்கென்று இழுக்க வேண்டாம். சிலவற்றில் மூடிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே மெல்லிய கேபிள் ஓடும். உள்ளே துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்லது. கைபேசி பழுதுபார்க்கும் கடைகளில் ஐபிஏ என்றால் தெரியும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தொடாதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

இனி, அந்த இரட்டைக் கிளிக். ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே கடுகளவு குமிழ் வைத்த மைக்ரோ சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதற்குள் வளைந்த ஒரு செப்புத் தகடு. அழுத்தும்போது தகடு தொடுமுனையில் மோதி, சில மில்லி நொடிகள் அதிர்ந்துவிட்டுத்தான் நிலைக்கும். மவுஸில் உள்ள சில்லு அந்த அதிர்வைப் பொருட்படுத்தாது. ஆனால் தகடு தளர்ந்தோ, தொடுமுனை கறுத்தோ போனால் தொடர்பு விட்டுவிட்டு வரும். சில்லு அதையும் இன்னொரு கிளிக் என்று எண்ணிக்கொள்ளும். இழுத்த படம் நழுவுவதும் இதனால்தான்: நாம் விரலை எடுத்துவிட்டதாக அது நினைக்கிறது.

இதைச் சோதிக்க மவுஸைத் திறக்கவே வேண்டாம். கணினி அமைப்பில் இடது, வலது பட்டன்களை மாற்றிவிடுங்கள். வலது பட்டன் ஒழுங்காக வேலை செய்தால், குறை இடது சுவிட்சில்தான். குமிழின் ஓரத்தில் ஒரு துளி ஐபிஏ விட்டுப் பலமுறை அழுத்தினால் சில சமயம் சரியாகும். தகடே தளர்ந்திருந்தால் சுவிட்சை மாற்றத்தான் வேண்டும். சால்டரிங் தெரிந்தவர்கள், இரண்டும் ஒரே வகையாக இருந்தால், குறைவாக உழைத்த வலது சுவிட்சை இடது பக்கம் மாற்றிப் பொருத்துவதும் உண்டு.

தூசிக்கும் முடிக்கும் செலவே இல்லை. சுவிட்சுக்குச் சிறு செலவு. சில்லே செத்திருந்தால் மட்டும் புது மவுஸ் வாங்குங்கள். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.