கற்றதைக் கட்டிப் பார்ப்போம்: இணையதளக் கலையும் நம் இளைய தலைமுறையும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பாபநாசத்தைச் சுற்றியுள்ள நம் ஊர்களின் வாழ்க்கை நெடுங்காலமாக இரண்டு ஊன்றுகோல்களின் மேல் நின்று வருகிறது. ஒன்று, காவிரியும் குடமுருட்டியும் பாயும் வயல். மற்றொன்று, கடல் கடந்து சென்றோர் அனுப்பும் பணம். ஆற்றில் நீர் வரும் நாளையும் விசா வரும் நாளையும் எதிர்பார்த்தே நம் குடும்பங்கள் பல தலைமுறைகளைக் கழித்துவிட்டன. இவ்விரண்டிற்கும் துணையாக, வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க தொழில் ஒன்று இன்று நம் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. அதுவே இணையதளங்களை வடிவமைத்து உருவாக்கும் கலை. வெளியூர் சென்று பணியாற்ற இயலாத நம் பெண்மக்களுக்கும் இது பொருந்தும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

"எங்கே படிக்கலாம்? கட்டணம் எவ்வளவு? என்ன சான்றிதழ் கிடைக்கும்?" என்று நம் இளைஞர்கள் கேட்கின்றனர். முறையான கேள்விகளே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "யாருக்கு, எதைக் கட்டித் தரப் போகிறோம்?" என்பதே அது. இதற்கு விடை தெரிந்தவருக்குக் கல்வி தானே வசப்படும் என்பதற்கு நம் தஞ்சை மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது.

நம் மாவட்டத்து முன்னோடி

அதிராம்பட்டினத்தில் 1953ஆம் ஆண்டு பிறந்தவர் மர்ஹூம் உமர்தம்பி அவர்கள். கணினித் துறையில் பட்டம் பெற்றவர் அல்லர். மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் தேர்ந்து, துபாயில் பல ஆண்டுகள் பணியாற்றி, சொந்த முயற்சியால் கணினியைக் கற்றவர்.

அவர் பணியின் அருமையை உணர அன்றைய நிலையை அறிய வேண்டும். 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ் இணையதளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவைப் பயன்படுத்தின. ஒரு தளத்தைப் படிக்க வேண்டுமாயின் அதற்குரிய எழுத்துருவைத் தேடி நம் கணினியில் நிறுவியாக வேண்டும். இல்லையேல் திரையில் பொருளற்ற குறிகளே தெரியும். உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே எண்ணை வழங்கும் யூனிகோடு முறை இதற்குத் தீர்வாக வந்தது. விண்டோஸ் 2000 அதனைத் தமிழுக்கும் ஏற்றது. ஆனால் மக்கள் கையில் இருந்தவற்றுள் பல விண்டோஸ் 98 கணினிகள்.

இந்த இடைவெளியைக் கண்டவர்களுள் ஒருவர் உமர்தம்பி. தேனீ என்னும் யூனிகோடு எழுத்துருவை உருவாக்கி, படிப்பவர் எதையும் நிறுவ வேண்டாதபடி, பக்கத்துடன் சேர்ந்தே எழுத்துரு வந்து இறங்கும் இயங்கு எழுத்துருவாகவும் அமைத்தார். ஒலிமுறையில் தமிழைத் தட்டச்சிடவும், பழைய எழுத்துருவில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்றவும் கருவிகள் செய்தார். அனைத்தையும் கட்டணமின்றி வழங்கினார். 2006ஆம் ஆண்டு அவர் மறைந்தார். 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டுடன் இணைந்த தமிழ் இணைய மாநாட்டில் அரங்கம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியது. பயன் தரும் கல்வியை விட்டுச் செல்வதும் நிலையான தர்மமே என்று மேடைகளில் கேட்டு வருகிறோம். அதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு வேண்டுவோர் அதிராம்பட்டினத்தைப் பார்க்கலாம்.

அவர் வாழ்விலிருந்து நம் இளைஞர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, தேவையைக் கண்டு அதற்காகக் கருவியைக் கற்றார். இரண்டாவது சற்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. அன்றைய இயங்கு எழுத்துரு முறை பெரிதும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியைச் சார்ந்தது. அந்த உலாவிக்கே 2022இல் விடை கொடுத்தாயிற்று. ஆயினும், எழுத்துரு பக்கத்துடனேயே வர வேண்டும் என்ற கருத்து இன்று எல்லா உலாவிகளிலும் பொதுமுறையாக நிலைபெற்றுவிட்டது. கருவி மறையும், அடிப்படை நிற்கும். எனவே கருவியின் பெயரைப் படிக்காமல் அடிப்படையைப் படிக்க வேண்டும்.

எதை, எப்படிக் கற்பது?

அடிப்படை மூன்று. பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று சொல்வது எச்டிஎம்எல். அவை எந்த நிறத்தில், எந்த அளவில், எங்கே அமைய வேண்டும் என்று சொல்வது சிஎஸ்எஸ். பொத்தானை அழுத்தினால் என்ன நிகழ வேண்டும் என்று சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். இவ்வரிசையிலேயே கற்க வேண்டும். முதலிரண்டும் கைவருமுன் மூன்றாவதற்குத் தாவுவோர் பாதியில் நின்றுவிடுகின்றனர்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. விஎஸ் கோடு என்னும் எழுதுகருவி இலவசம். இலவசப் பாடங்கள் இணையத்தில் நிறைந்துள்ளன. கணியம் இதழைச் சார்ந்தோர் எளிய தமிழில் கணினி நூல்களை எழுதி இலவசமாகவே வெளியிட்டுள்ளனர். கணினி உலாவியில் எஃப்12 விசையை அழுத்தினால் எந்தத் தளத்தின் உள்கட்டும் கண்முன் விரியும். செய்து முடித்த பக்கத்தை உலகிற்குக் காட்டக் கிட்ஹப் போன்ற இடங்கள் கட்டணமின்றி இடம் தருகின்றன. பாடக் காணொளியைப் பார்ப்பது மட்டும் கற்பதாகாது. பார்த்ததை மூடிவைத்துவிட்டுத் தம் கையால் தட்டச்சிட்டுப் பிழை கண்டு திருத்துவதே கற்பது.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் நிரலை எழுதித் தருகின்றனவே, இனி எதற்குக் கற்க வேண்டும் என்று சிலர் வினவுகின்றனர். எழுதித் தந்ததைப் படித்து, எது சரி, எது தவறு என்று சொல்லத் தெரியாதவரிடம் யார் பணியை ஒப்படைப்பர்? கருவி வலுக்க வலுக்க, அடிப்படை அறிந்தவரின் மதிப்பும் உயரும்.

தமிழில் தளம் அமைப்போர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை; கைபேசியின் குறுகிய திரையில் அவை விளிம்பைத் தாண்டும். நம் எழுத்துகளுக்கு மேலும் கீழும் கொம்புகளும் சுழிகளும் உண்டாதலால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட வேண்டும். ஆகவே முதலில் கைபேசித் திரைக்கு அமைத்துப் பார்த்து, பின்னர் கணினித் திரைக்கு விரிப்பதே நன்று. படங்களைச் சுருக்கியே ஏற்ற வேண்டும். இணைய வேகம் குறைந்த இடத்தில் அமர்ந்து படிப்பவரும் நம் வாசகரே.

முதல் தளம் நம்முடையதாகட்டும்

கற்போர் கட்டிப் பார்க்க ஒரு பணி வேண்டுமல்லவா? நம் ஜமாஅத்தே அப்பணியைத் தரலாம். தொழுகை நேரங்கள், மதரஸா சேர்க்கை, கல்வி உதவி விண்ணப்பம், வரவு செலவுக் கணக்கு ஆகிய நான்கு பக்கங்கள் போதும். வெளிநாட்டில் இருக்கும் நம் மஹல்லாவாசி ஒரு நிமிடத்தில் அறிந்துகொள்வார். பழைய எழுத்துருக்களில் அச்சிட்ட ஆண்டறிக்கைகளின் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதும் நல்ல பயிற்சி. இன்றேல் சில ஆண்டுகளில் அவற்றைத் திறந்து படிப்பாரின்றிப் போகும்.

இங்கே நிர்வாகிகளுக்கு இரண்டு வேண்டுகோள்கள். தளத்தின் பெயர் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டிய ஒன்று. அதனை ஜமாஅத்தின் பெயரிலும் ஜமாஅத்தின் மின்னஞ்சலிலும் பதிவு செய்யுங்கள். அமைத்துத் தந்த தம்பி வேலை கிடைத்து வளைகுடாவிற்குப் பறந்த பின்னர், கடவுச்சொல்லும் அவருடன் பறந்துவிடலாகாது. அடுத்தது, உதவி பெற்றோர் பட்டியலையோ, ஆதார் எண்களையோ, குடும்ப விவரங்களையோ தளத்தில் ஏற்றாதீர்கள். கொடுத்தது ஊருக்குத் தெரியலாம். பெற்றவர் மானம் தெருவுக்கு வரலாகாது.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை பயிற்சி முடித்து வந்தால் சான்றிதழைக் கேட்பதோடு நில்லாமல், "நீ கட்டிய தளத்தைக் காட்டு" என்று கேளுங்கள். மகனிடம் கேட்பதைப் போலவே மகளிடமும் கேளுங்கள். வேலை தருவோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்த ஆண்டறிக்கை வெளிவரும்போது, அதன் இணையப் பக்கத்தை நம் ஊர்ப் பிள்ளைகளின் கைகளே அமைத்திருக்க வேண்டும் என்பது நம் அவா. அந்த அவா நிறைவேற வல்ல இறைவன் துணை புரிவானாக! வஸ்ஸலாம்.