ஐயமும் ஆய்வும்

 

விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராய் நின்று நடத்திய சந்திரயான்-3, 2023 ஆகசுட்டு 23 மாலை நிலவில் இறங்கியது. நாடே களித்தது. ஆயினும், ‘இது மெய்யோ, படப்பிடிப்போ?’ என ஐயுற்றாரும் உளர். அவரை எள்ளற்க! ஐயம் அறிவின் வாயில்; வாயிலிலேயே நின்றுவிடுவதுதான் மடமை.

2019 செப்டம்பர் 7-இல் சந்திரயான்-2 கொண்டுசென்ற விக்கிரம் கலம், நிலவை எட்டும் தறுவாயில் தொடர்பற்று வீழ்ந்தது. அப்பகுதியின் ஒளிப்படங்களை அமெரிக்க நாசா பொதுவில் வைத்தது. சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் விண்வெளித் துறையினர் அல்லர். எனினும், வீழ்ச்சிக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் கணிப்பொறியில் அருகருகே வைத்து நோக்கினார். முன்னதில் இல்லாத சிறு புள்ளி ஒன்று பின்னதில் இருந்தது. நாசாவுக்கு எழுதினார். நாசா மீண்டும் ஆய்ந்து, அது விக்கிரமின் சிதைவே எனத் திசம்பர் 2-இல் அவர் பெயரோடு அறிவித்தது.

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் பாவைப் பழித்துக்கொண்டு அமர்வதில்லை. அறுந்த இடத்தை விரலால் தேடி முடிகின்றார். ஐயமும் அவ்வாறே தேடுதல் வேண்டும்.

2023-இல் இறங்கிய கலத்தையும் நாசாவின் நிலவுசுற்றி நான்காம் நாளே படமெடுத்தது. அதுவும் பொதுவில் உளது. ஐயுறுவோர் நோக்குக! நம்புவோரும் நோக்குக! பிறர் சொற்கேட்டு ஏற்பதும், பிறர் சொற்கேட்டு மறுப்பதும் ஒரே அடிமைத்தனத்தின் இரு முகங்கள். தானே தேடித் தெளியும் தமிழ்க் குமுகமே தலைநிமிரும்!